இன்ஸ்டால் ஆனது, ஓடவில்லை

2024-ன் தொடக்கத்தில் விஷுவல் ஸ்டுடியோ கோட் எடிட்டரின் 1.86 பதிப்பு வெளிவந்தது. நிரல் எழுதுகிறவர்கள் பலரின் அன்றாடக் கருவி அது. சொந்த மடிக்கணினியில் உட்கார்ந்தபடியே எங்கோ இருக்கும் சர்வரின் கோப்புகளைத் திருத்த அதில் ஒரு வசதி உண்டு. அதற்காக அந்த எடிட்டர் தன் துணை நிரல் ஒன்றைச் சர்வருக்கு அனுப்பி, அங்கே ஓடவிடும். புதிய பதிப்புக்கு மாறிய பலருக்கு அந்த இணைப்பு திடீரென்று அறுந்துபோனது. நெட்வொர்க்கில் கோளாறு இல்லை, கடவுச்சொல் சரி, சர்வரில் யாரும் எதையும் மாற்றவில்லை. இருந்தும் துணை நிரலால் அங்கே ஓட முடியவில்லை.

காரணம் ஒரு எண். புதிய துணை நிரலுக்கு, லினக்ஸ் நிரல்கள் பொதுவில் பயன்படுத்தும் ஜிலிப்சி என்ற அடிப்படை லைப்ரரியின் 2.28 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பு தேவைப்பட்டது. லினக்ஸ் வகைகளில் ஒன்றான சென்ட்ஓஎஸ் 7 ஓடும் சர்வர்களில் இருந்தது 2.17. இன்னொன்றான உபுண்டு 18.04-ல் இருந்தது 2.27, அதாவது ஒரே ஒரு படி குறைவு. எதிர்ப்பு வலுத்ததும் மைக்ரோசாஃப்ட் அடுத்த திருத்தப் பதிப்பிலேயே இறங்கிவந்து, பழைய சர்வர்களுக்கு ஓராண்டு அவகாசம் கொடுத்தது.

இந்த வகைக் கோளாறைச் சந்திக்காத கணினிக்காரர் குறைவு. விண்டோஸில் அது காணாமல்போன டிஎல்எல் என்ற லைப்ரரிக் கோப்பாக வரும். லினக்ஸில் 'இன்ன பதிப்பு கிடைக்கவில்லை' என்ற ஒற்றை வரியாக வரும். இன்ஸ்டால் செய்யும்போது எல்லாம் நல்லபடியாக முடிந்ததாகச் சொன்ன கணினி, ஓடச் சொன்னதும் கையை விரிக்கிறது. ஏன் முன்பே சொல்லவில்லை?

நிறுவுவது வேறு, ஓடுவது வேறு

இன்ஸ்டால் செய்வது என்பது பெரும்பாலும் கோப்புகளை உரிய இடங்களில் கொண்டுபோய் வைப்பதுதான். ஒரு தொகுப்பு விரிகிறது, அதிலுள்ளவை ஒரு கோப்பகத்துக்குள் போகின்றன, மெனுவில் ஒரு ஐகான் முளைக்கிறது. இதில் எந்தக் கட்டத்திலும் அந்த நிரல் ஓடிப் பார்க்கப்படுவதில்லை. உபுண்டுவின் 'ஆப்ட்', ஃபெடோராவின் 'டிஎன்எஃப்' போன்ற தொகுப்பு மேலாளர்கள் வழியாகப் போனால், எந்தெந்த லைப்ரரி தேவை என்று தொகுப்பில் எழுதியிருக்கும் பட்டியலை அவை படித்து, கிடைக்காவிட்டால் வாசலிலேயே நிறுத்திவிடும். இணையத்திலிருந்து இறக்கி நாமே விரித்துக்கொள்ளும் தொகுப்புக்கும், இன்னொரு கணினியிலிருந்து நகலெடுத்து வந்த நிரலுக்கும் அந்தச் சோதனை கிடையாது.

சோதனை நடப்பது ஓடும் நேரத்தில். நிரலின் பெயரைத் தட்டி என்டரை அழுத்தியதும், இயங்குதளத்தின் கருவான கெர்னல் அந்தக் கோப்பைத் திறக்கிறது. அதன் தலைப்பகுதியில் 'லோடர்' என்ற இன்னொரு சிறு நிரலின் முகவரி இருக்கும். கெர்னல் பொறுப்பை லோடரிடம் ஒப்படைக்கிறது. நமது நிரல் எந்தெந்த லைப்ரரிகளைக் கேட்கிறது என்ற பட்டியலை லோடர் படிக்கிறது. ஒவ்வொன்றையும் குறிப்பிட்ட கோப்பகங்களில் தேடி நினைவகத்தில் ஏற்றுகிறது. கேட்ட பதிப்பு அதில் உண்டா என்று பார்க்கிறது. எல்லாம் சரியாக இருந்தால்தான் நிரலின் முதல் வரிக்கே முறை வரும். நாம் பார்க்கும் பிழைச்செய்தியைச் சொல்வது பெரும்பாலும் நாம் நிறுவிய மென்பொருள் அல்ல. அது வாயைத் திறக்கும் முன்பே லோடர் ஆட்டத்தை நிறுத்தியிருக்கும்.

கல்யாணத்துக்கு வரும் சமையல்காரர் ஆட்களோடும் கைப்பக்குவத்தோடும் வருவார், அண்டாவையும் அடுப்பையும் மண்டபத்தில் எதிர்பார்ப்பார். இன்றைய மென்பொருள்களில் பெரும்பகுதி அப்படித்தான் வருகிறது. திரையில் எழுதுவது, கோப்பைத் திறப்பது, நேரம் கேட்பது, நினைவகம் வாங்குவது, மறையாக்கம் செய்வது என எல்லாவற்றுக்குமான பண்டபாத்திரங்கள் இயங்குதளத்திடம் இருக்கும் என்ற நம்பிக்கையில் வெறுங்கையோடு வருகிறது.

இதைக் கண்ணால் பார்க்க லினக்ஸில் 'எல்டிடி' என்றொரு கட்டளை உண்டு. ஒரு நிரலின் பெயரைக் கொடுத்தால், அது கேட்கும் லைப்ரரிகளை வரிசையாகக் காட்டும். இடப்பக்கம் கேட்ட பெயர், ஒரு அம்புக்குறி, வலப்பக்கம் அது கிடைத்த இடம். உபுண்டு 22.04-ல் பழைய நிரல் ஒன்றைக் கொடுத்துப் பார்த்தால், பத்துப் பன்னிரண்டு வரிகள் ஒழுங்காக வந்துகொண்டிருக்கும்போது நடுவில் 'லிப்எஸ்எஸ்எல்.எஸ்ஓ.1.1' என்ற பெயருக்கு நேரே முகவரிக்குப் பதில் 'நாட் ஃபவுண்ட்' என்று நிற்கும். நோய் அந்த வரியில் இருக்கிறது. முன்பின் தெரியாத நிரலுக்கு மட்டும் இந்தக் கட்டளையைப் போட வேண்டாம். சில சூழல்களில் அது அந்த நிரலையே ஓட்டிவிடக்கூடும்.

ஏன் இந்தப் பங்காளித்தனம்?

ஒவ்வொரு நிரலும் தனக்கு வேண்டியதைத் தன்னோடு கட்டி எடுத்துவந்தால் இந்தத் தொல்லையே இல்லையே என்று தோன்றும். ஆதியில் அப்படித்தான் இருந்தது. பகிர்வு லைப்ரரி என்ற யோசனை 1960-களில் மல்டிக்ஸ் இயங்குதளத்திலேயே இருந்தாலும், யூனிக்ஸ் உலகில் அது பரவியது 1980-களின் பிற்பகுதியில்தான். சன் நிறுவனத்தின் சன்ஓஎஸ் 4.0 அதை 1988-ல் கொண்டுவந்தது. நினைவகம் பொன்னாக இருந்த காலம் அது. நூறு நிரல்கள் ஒரே லைப்ரரியின் நூறு நகல்களைச் சுமப்பதைவிட, ஒரு நகலை நூறு பேரும் பார்த்துக்கொள்வது பெரும் மிச்சம்.

நினைவகம் மலிவான பிறகும் பகிர்வு நீடிப்பதற்கு வலுவான காரணம் பாதுகாப்பு. 2014 ஏப்ரலில் ஓபன்எஸ்எஸ்எல் லைப்ரரியில் 'ஹார்ட்பிளீட்' என்ற ஓட்டை வெளியே தெரிந்தது. சர்வரின் நினைவகத்தில் கிடக்கும் ரகசியங்களை வெளியிலிருந்தே கறக்க வழிவிட்ட ஓட்டை. பகிர்வு லைப்ரரி வைத்திருந்த கணினிகளில், அந்த ஒரே லைப்ரரியைப் புதுப்பித்து, அதைப் பயன்படுத்தும் சேவைகளை நிறுத்தித் தொடங்கினால் அந்த ஓட்டை அடைபட்டது. தனி நகலை உள்ளே புதைத்து வைத்திருந்த மென்பொருள்களை ஒவ்வொன்றாகத் தேடிப் பிடித்து மாற்ற வேண்டியிருந்தது.

ஒரு லைப்ரரியை மாற்றினால் நூறு நிரல்கள் நலம் பெறும். அதே மாற்றம் தவறாகப் போனால் நூறும் ஒன்றாகப் படுக்கும். இந்த ஆபத்தைக் கட்டுக்குள் வைக்கத்தான் பதிப்பு எண்களும், லைப்ரரிக்குள் இருக்கும் ஒவ்வொரு செயல்கூறும் எந்தப் பதிப்புக்குரியது என்று சொல்லும் முத்திரைகளும் வந்தன.

கரகரத்த பாட்டு

ஒரு முத்திரை ஏன் வேண்டியிருந்தது என்பதற்கு 2010-ல் நடந்த கதையைவிடத் தெளிவான சாட்சி இல்லை. அந்த நவம்பரில் ஃபெடோரா 14 வெளியானது. அதன் 64-பிட் பதிப்பில், அடோபி ஃபிளாஷ் வழியாக உலாவியில் கேட்கும் ஒலி கரகரத்தது. ஃபிளாஷ் மாறவில்லை. மாறியது ஜிலிப்சியில் உள்ள 'மெம்காப்பி' என்ற சின்னஞ்சிறு செயல்கூறு.

மெம்காப்பியின் வேலை, நினைவகத்தின் ஓரிடத்தில் இருப்பதை இன்னோரிடத்துக்கு நகலெடுப்பது. எடுக்கும் இடமும் வைக்கும் இடமும் ஒன்றன்மேல் ஒன்று படியக் கூடாது என்பது சி மொழியின் விதி. படியும் என்றால் 'மெம்மூவ்' என்ற வேறொன்றைக் கூப்பிட வேண்டும். ஃபிளாஷ் இந்த விதியை மீறியிருந்தது. மீறியும் அதுவரை ஒன்றும் ஆகவில்லை, ஏனென்றால் பழைய மெம்காப்பி முன்பக்கத்திலிருந்து நகலெடுத்தது. புதிய செயலிகளில் வேகம் கூட வேண்டும் என்று எழுதப்பட்ட புதிய மெம்காப்பி சில வேளைகளில் பின்பக்கத்திலிருந்து தொடங்கியது.

ஐந்து கட்டங்களில் அ, ஆ, இ, ஈ, உ இருப்பதாக வைத்துக்கொள்வோம். இரண்டு முதல் ஐந்து வரை உள்ளவற்றை ஒரு கட்டம் இடப்பக்கம் நகர்த்த வேண்டும். இடமிருந்து தொடங்கினால் ஆ முதல் கட்டத்துக்கு வரும், இ இரண்டாவதுக்கு, ஈ மூன்றாவதுக்கு, உ நான்காவதுக்கு. ஒரு பழுதும் இல்லை. வலமிருந்து தொடங்கினால், முதலில் உ நான்காம் கட்டத்தில் போய் ஈ-யை அழிக்கிறது. அடுத்து நான்காம் கட்டத்திலிருந்து மூன்றுக்கு நகலெடுக்கும்போது அங்கே இருப்பது ஈ அல்ல, உ. முடிவில் ஐந்து கட்டங்களிலும் உ, உ, உ, உ, உ. ஒலித்தரவுக்கு இப்படி நேர்ந்ததைத்தான் காது கரகரப்பாகக் கேட்டது.

லினக்ஸ் கெர்னலின் தந்தை லினஸ் டோர்வால்ட்ஸே இந்தத் துப்பறிதலில் இறங்கினார். தவறு ஃபிளாஷுடையது என்பதில் யாருக்கும் ஐயமில்லை. ஆனால் நேற்று ஒலித்த பாட்டு இன்று கரகரத்தால், பயனருக்கு அது யார் தவறு என்பதில் என்ன வந்தது என்பது அவர் வாதம். விதியை மீறிய நிரலுக்காக வேகத்தை விட்டுக்கொடுக்க வேண்டுமா என்பது மறுதரப்பின் வாதம்.

2011-ல் வந்த ஜிலிப்சி 2.14 இதற்கு ஒரு நடுவழி கண்டது. 64-பிட் கணினிகளுக்கான ஒரே லைப்ரரிக்குள் மெம்காப்பி என்ற பெயரில் இரண்டு செயல்கூறுகளை வைத்தது. ஒன்றுக்கு 2.2.5 என்ற பழைய முத்திரை, மற்றதற்கு 2.14 என்ற புதிய முத்திரை. முன்பே கம்பைல் செய்யப்பட்ட, அதாவது மூலநிரலிலிருந்து கணினி ஓட்டும் வடிவத்துக்கு மாற்றப்பட்ட நிரல் பழைய முத்திரையைக் கேட்கும், அதற்குப் படிந்தாலும் பிழைக்காத மெம்மூவ் பாணி நகல் கிடைக்கும். புதிதாகக் கம்பைல் ஆகும் நிரலுக்குப் புதிய, வேகமான நகல். பழைய நிரல்கள் ஒரு வரிகூட மாறாமல் பிழைத்துக்கொண்டன.

ஒருவழிப் பாதை

அந்த ஏற்பாட்டுக்கு ஒரு மறுபக்கமும் உண்டு. 2.14-க்குப் பிந்தைய கணினியில் கம்பைல் செய்த நிரல், மெம்காப்பியைக் கூப்பிட்டிருந்தால் 2.14 என்ற முத்திரையையே கேட்கும். அதை ஜிலிப்சி 2.12 உள்ள சென்ட்ஓஎஸ் 6-ல் கொண்டுபோய் வைத்தால், 'ஜிலிப்சி_2.14 கிடைக்கவில்லை' என்று லோடர் மறுக்கும். அங்கே இருக்கும் பழைய மெம்காப்பியே அந்த நிரலுக்குப் போதுமானதாக இருக்கலாம். லோடருக்கு அது தெரிய வழியில்லை. தெரியாதபோது ஊகிக்காமல் நிற்பதுதான் அதன் வேலை.

எனவே ஜிலிப்சி கொடுத்திருக்கும் வாக்கு ஒருவழிப்பட்டது. பழைய நிரல் புதிய இயங்குதளத்தில் ஓடும். ஆனால் புதிய நிரல் பழையதில் ஓடும் என்று வாக்கு இல்லை. 2021 ஆகஸ்டில் வந்த 2.34 பதிப்பு இதைப் பட்டவர்த்தனமாக்கியது. அதுவரை தனித்தனியாக இருந்த சில துணை லைப்ரரிகள் அதில் தாய் லைப்ரரிக்குள்ளேயே சேர்க்கப்பட்டன. அதையொட்டி, எல்லா நிரல்களும் ஓடத் தொடங்கும்போது கூப்பிடும் தொடக்கச் செயல்கூறுக்கே புதிய முத்திரை விழுந்தது. விளைவு, 2.35 கொண்ட உபுண்டு 22.04-ல் வழக்கமான முறையில் கம்பைல் செய்த, 'வணக்கம்' என்று ஒரு சொல்லை மட்டும் அச்சிடும் நிரல்கூட, 2.31 கொண்ட உபுண்டு 20.04-ல் ஓடாது. 20.04-ல் செய்தது 22.04-ல் ஓடும்.

எல்லா லைப்ரரிகளும் ஜிலிப்சி அளவுக்குப் பழமையைச் சுமப்பதில்லை. 2021 செப்டம்பரில் ஓபன்எஸ்எஸ்எல் 3.0 வந்தபோது லைப்ரரிக் கோப்பின் பெயரே 1.1-லிருந்து 3-க்கு மாறியது. இரண்டும் வேறு வேறு, ஒன்றுக்கு இன்னொன்று ஈடல்ல என்ற அறிவிப்பு அது. உபுண்டு 22.04 புதியதை மட்டும் தந்ததால், 1.1-ஐ நம்பியிருந்த மென்பொருள்கள் பல அங்கே தடுக்கி விழுந்தன.

கோப்பு கண்முன்னே இருக்கும்போதே 'அப்படியொரு கோப்பு இல்லை' என்று கணினி சாதிக்கும் விநோதமும் உண்டு. ஜிலிப்சிக்குப் பதில் மஸ்ல் என்ற சிறிய லைப்ரரியை வைத்திருக்கும் ஆல்பைன் லினக்ஸில், ஜிலிப்சிக்காகச் செய்த நிரலை ஓட்டினால் இது நடக்கும். பட்டியலில் கோப்பு தெரிகிறது, ஓட்டும் அனுமதி இருக்கிறது, இருந்தும் 'இல்லை' என்ற பதில். உண்மையில் இல்லாதது நிரல் அல்ல. நிரலின் தலைப்பகுதியில் எழுதியிருக்கும் அந்த லோடர்.

இவற்றைவிடத் தொல்லையானது, தொடங்கி ஓடிவிட்டுப் பாதியில் விழுவது. தொடக்கம் வேகமாக இருக்கட்டும் என்று, ஒவ்வொரு செயல்கூறும் முதன்முறை கூப்பிடப்படும்போதுதான் அதன் முகவரியைத் தேடும் வழக்கம் லோடருக்கு உண்டு. லைப்ரரி இருந்து, அதில் ஒரு செயல்கூறு மட்டும் இல்லாவிட்டால், அச்சிடும் பொத்தானை அழுத்தும்வரை எல்லாம் ஒழுங்காக இருக்கும். அழுத்தியதும் நிரல் மறைந்துவிடும்.

விண்டோஸ் பட்ட பாடு

1990-களில் விண்டோஸ் பயனர்கள் இதையே 'டிஎல்எல் நரகம்' என்று அழைத்தார்கள். அங்கே நோயின் திசை வேறு. ஒவ்வொரு மென்பொருளும் நிறுவப்படும்போது தனக்கு வேண்டிய டிஎல்எல் கோப்பைப் பொதுவான சிஸ்டம் கோப்பகத்தில், ஏற்கெனவே இருப்பதன்மேல் எழுதிவிட்டுப் போகும். புதிதாக வந்தது ஓடும், முன்பு ஓடிக்கொண்டிருந்தது நின்றுவிடும். விண்டோஸ் 2000 அந்தக் கோப்புகளுக்குக் காவல் போட்டது. 2001-ல் விண்டோஸ் எக்ஸ்பி ஒரே லைப்ரரியின் பல பதிப்புகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொள்ள வழி செய்தது. இன்று எஞ்சியிருப்பது 'விசிரன்டைம்140.டிஎல்எல் காணவில்லை' போன்ற செய்திகள். மைக்ரோசாஃப்ட் தரும் விஷுவல் சி++ மறுவிநியோகத் தொகுப்பை நிறுவினால் பெரும்பாலும் தீரும். டிஎல்எல் கோப்புகளை ஒற்றையொற்றையாக இலவசமாகத் தரும் இணையதளங்களிலிருந்து இறக்குவது, வைரஸுக்குக் கதவைத் திறந்துவைப்பதற்குச் சமம்.

கைவைத்தியமும் மருந்தும்

லினக்ஸில் அவசரக்காரர்கள் செய்யும் முதல் கைவைத்தியம் பெயரை மாற்றி ஏமாற்றுவது. ஓபன்எஸ்எஸ்எல் 3 கோப்புக்கு 1.1 என்ற பெயரில் ஒரு குறுக்கு இணைப்பு போட்டுப் பார்ப்பார்கள். லோடர் கோப்பின் பெயரோடு திருப்தி அடைவதில்லை. உள்ளே இருக்கும் முத்திரையையும் பார்க்கும், அது இல்லை என்று மறுபடி நிறுத்தும். இரண்டாவது கைவைத்தியம் உயிருக்கே ஆபத்தானது. புதிய கணினியிலிருந்து ஜிலிப்சியை எடுத்துவந்து பழையதன்மேல் வைப்பது. லோடரும் ஜிலிப்சியும் ஒன்றுக்கொன்று பொருந்தியே செய்யப்படுபவை. பொருந்தாத ஒன்றை வைத்த அந்த நொடியே பட்டியலிடும் கட்டளை, நகலெடுக்கும் கட்டளை, உள்நுழையும் கட்டளை எல்லாம் ஒருசேர விழுந்துவிடும். பழைய கோப்பைத் திரும்ப வைக்கவும் ஒரு கட்டளை வேண்டும், அதுவும் அந்த லைப்ரரியைத்தான் கேட்கும். வெளியிலிருந்து மீட்பு வட்டு போட்டுத்தான் அந்தக் கணினியை எழுப்ப வேண்டியிருக்கும்.

உண்மையான மருந்து பெரும்பாலும் தயாரிப்பாளர் கையில் இருக்கிறது. வாக்கு ஒருவழிப்பட்டது என்றால், பழைய கணினியில் கம்பைல் செய்வதே விவேகம். பைத்தான் உலகம் இதை ஒரு விதியாகவே ஆக்கிக்கொண்டது. 2016-ல் வகுக்கப்பட்ட 'மெனிலினக்ஸ்' தரம், லினக்ஸுக்கான தொகுப்புகளை 2007-ல் வெளிவந்த சென்ட்ஓஎஸ் 5-ன் லைப்ரரி அளவுக்குள் நிற்கும்படி தயாரிக்கச் சொன்னது. பின்னர் அந்த வரம்பு சென்ட்ஓஎஸ் 6-க்கும் 7-க்கும் படிப்படியாக உயர்ந்தது. தொகுப்பின் பெயரிலேயே வரம்பு எழுதியிருக்கும். அதைப் படித்துப் பொருந்தாததை 'பிப்' கருவி இறக்கும் முன்பே ஒதுக்கிவிடும். ஓடும் நேரத்துச் சோதனையை நிறுவும் நேரத்துக்கு முன்னே இழுத்துவந்த ஏற்பாடு இது.

இன்னொரு வழி, பண்டபாத்திரங்களையும் சேர்த்து எடுத்துவருவது. 2013-ல் வந்த டாக்கர் பரவலாக்கிய கன்டெய்னர்கள், ஃபிளாட்பேக், ஸ்னாப் எல்லாம் இந்த வகை. நிரலோடு அதற்குரிய லைப்ரரிகளும் சேர்ந்தே வரும், கெர்னல் மட்டும் பொது. இது சாத்தியமாவதற்குக் காரணம், பயனர் நிரல்களை உடைக்கக் கூடாது என்பதில் லினக்ஸ் கெர்னல் காட்டும் பிடிவாதம். எல்லாவற்றையும் ஒரே கோப்பாகக் கட்டிவிடும் முறையும் உண்டு. கோ மொழியில் எழுதும் பல நிரல்கள் அப்படி வருகின்றன. இரண்டுக்கும் விலை ஒன்றே. ஹார்ட்பிளீட் போல இன்னொன்று வந்தால், இயங்குதளத்தின் லைப்ரரியைப் புதுப்பித்தது போதாது. ஒவ்வொரு கன்டெய்னரையும் ஒவ்வொரு கோப்பையும் திரும்பத் தயாரிக்க வேண்டும்.

பயனர் கையில் இருப்பது, பிழைவரியை நின்று படிப்பது. அதில் வழக்கமாக மூன்று தகவல்கள் இருக்கும்: கேட்டது யார், கேட்கப்பட்ட லைப்ரரி எது, எந்த முத்திரை இல்லை. லைப்ரரி முழுவதுமே இல்லை என்றால் தொகுப்பு மேலாளரிடம் அதைக் கேட்டு நிறுவலாம். ஜிலிப்சியின் முத்திரை இல்லை என்றால், அது நிறுவித் தீர்க்கும் குறை அல்ல. நம் இயங்குதளத்தைவிட அந்த நிரல் இளையது என்று அர்த்தம். அதே மென்பொருளின் பழைய பதிப்பைத் தேடலாம், கன்டெய்னருக்குள் ஓட்டலாம், மூலநிரல் கிடைத்தால் நம் கணினியிலேயே கம்பைல் செய்யலாம், அல்லது இயங்குதளத்தையே மாற்றலாம். சென்ட்ஓஎஸ் 7-க்கான ஆதரவு 2024 ஜூன் 30-ம் தேதியே முடிந்துவிட்டதால், அதை வைத்திருப்பவர்களுக்குக் கடைசி வழிதான் பொருத்தம்.

அந்த ஒற்றை வரியைப் பார்த்து எரிச்சல் வருவது இயல்பு. ஆனால் ஃபிளாஷ் விஷயத்தில் அப்படியொரு வரி வரவே இல்லை. நிரல் தொடங்கியது, ஓடியது, தரவைக் கெடுத்தது, எந்தப் பிழைச்செய்தியும் தரவில்லை. அன்று கெட்டது பாட்டு, அதனால் காதே கண்டுபிடித்தது. அதே பிழை ஒரு கணக்குப் பேரேட்டிலோ எக்ஸ்ரே படத்திலோ நடந்திருந்தால் கண்டுபிடிக்க எத்தனை நாள் ஆகியிருக்கும்? பொருந்தாத இடத்தில் ஓட மறுக்கும் நிரல் நம் அரை நாளைத்தான் தின்னும், தரவில் கைவைக்காது.